குளவி வந்த ஜன்னல்

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், எங்கள் ஜன்னல் மூலையில் ஒரு குளவி கூடு கட்டியது. வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று மாமியார் சந்தோஷப்பட்டார். மகளோ கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, அது ஈரமண் உருண்டையோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் இப்படியே. நான்காம் நாள் ஒரு புது நோட்டைக் கொடுத்து, "பார்த்ததை எல்லாம் எழுது, படம் வரைந்து பாகம் குறி" என்றேன். ஐந்தாம் நாள் அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை.

அந்த ஐந்தாம் நாள் இன்னும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும். அம்மாவே டீச்சராகவும் இருக்கும் வீட்டில் அந்த மணி அடிப்பதேயில்லை. பிள்ளை எதை ஆசையாகத் தொட்டாலும் அதைப் பாடமாக்கிவிட நமக்குக் கை பரபரக்கிறது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும், விடாமல் சொல்லிக்கொடுத்தால் பிள்ளையும் தேறும் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவி கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைக்கும் புழு ஒருநாளும் குளவியாவதில்லை. அங்கே இட்டிருக்கும் முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்கு அது இரை. கொட்டுப்பட்ட புழு உயிரோடுதான் இருக்கும், அசையாது, அவ்வளவே. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவே டீச்சராக இருந்த இன்னொரு வீடு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரில் 1865இல் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. 14 வயதுவரை வீட்டில்தான் படிப்பு. ஆசிரியையாக இருந்த அம்மாவே கற்றுக்கொடுத்தார். பாடம் நடத்த வைத்திருந்த தம்முடைய மைக்ராஸ்கோப்பை அந்த அம்மா மகனிடம் கொடுத்துவிட்டார். பென்ட்லி அதில் வெண்பனித் துகள்களைப் பார்த்தார், வரைந்தார். வரைந்து முடிப்பதற்குள் அவை உருகின. மூன்று குளிர்காலம் அப்படியே போயிற்று. விவசாயியான அப்பாவுக்கு மனமே இல்லை. அம்மாதான் பேசிச் சம்மதிக்கவைத்து, 100 டாலர் செலவில் கேமராவும் மைக்ராஸ்கோப்பும் வாங்கச் செய்தார். 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனிப்படிகம் முதன்முதலாகப் பென்ட்லியின் கேமராவில் பதிந்தது. பிறகு வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள்.

அந்தக் கேமராவைவிட, ஒன்றும் மிஞ்சாத அந்த மூன்று குளிர்காலங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. பிள்ளைக்கு இடம் விடுவதென்றால், அவள் பார்ப்பதில் ஒரு பங்கு நம் கைக்கு வராமலே போவதையும் பொறுத்துக்கொள்வதுதான். எழுதிக் காட்ட வேண்டியிராத, யாரும் திருத்தாத அந்தப் பங்கில்தான் ஆசை வேர் பிடிக்கிறது.

மழை விட்டதும் மறுபடியும் ஒரு குளவி வந்தது. நான் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "அம்மா, இது வேற குளவி" என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.