பசித்தவன் முன் கணக்குப் புத்தகம்

பசியால் வாடி நிற்பவனிடம், "அத்தாட்சி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு சர்க்கார் காலங்கடத்துவது அறமாகுமா? ஆகாதென்றே நல்லோர் பலரும் கூறுவர். ஆபத்துக் காலத்தில் முதலில் கொடு, பிறகு கணக்குப் பார் என்பது கேட்பதற்கு இனிய நியாயமே. ஆயினும், அந்த நியாயம் நடைமுறையில் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமாக.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைப் பீடித்தபோது, அமெரிக்க சர்க்கார் தன் குடிகளுக்கு உதவித் தொகை அனுப்பிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முடிவிற்குள் ஏறக்குறைய 11 லட்சம் தொகைகள், சுமார் 140 கோடி டாலர், இறந்தவர் பெயருக்குச் சென்றுவிட்டன என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே அறிவித்தது. இறந்தோரின் முழுப் பட்டியல் ஓர் இலாகாவில் இருந்தது. பணத்தை அனுப்பிய இலாகாவிற்கு அதைப் பார்வையிடும் உரிமை அன்று இல்லை. இரண்டு புத்தகங்களையும் ஒப்பிட்டிருந்தால் உயிரோடிருப்பவர் எவரும் அதற்காக வரிசையில் நின்றிருக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் கதை வேறு. அதே ஆண்டு மே மாதம் முதல் சிறு வியாபாரிகளுக்கு 50,000 பவுன் வரை கடன் தரப்பட்டது. விண்ணப்பதாரர் தம் நிலையைத் தாமே எழுதிக்கொடுத்தால் போதும். கடன் திரும்பாவிடில் முழு நட்டமும் சர்க்காரைச் சேர்ந்தது. தனக்கு நட்டமில்லாத வங்கி எதற்காகக் கண் விழிக்கும்? சுமார் 4,700 கோடி பவுன் இவ்வாறு வெளிச் சென்றது. மோசடித் தடுப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அக்னியூ பிரபு, 2022 ஜனவரியில் பிரபுக்கள் சபையிலேயே பதவி துறந்தார். நோய் தொடங்கியபோது வியாபாரமே செய்யாதிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் கடன் பெற்றன என்று அவர் அப்போது கூறினார்.

'பிறகு பார்' என்னும் அந்தப் பிற்காலம் எவ்வாறிருக்கும்? பிறர் பெயரைத் திருடிப் பணம் பெற்றவன் மறைந்துவிடுகிறான். சர்க்காரின் கையில் மிஞ்சுவது நாணயமானவனின் விலாசமே. விண்ணப்பத்தில் ஒரு வரியைப் பிழையாக நிரப்பியவள் வீட்டிற்கு, அவள் அரிசி வாங்கித் தீர்த்த பணத்தைத் திருப்பிக் கட்டும்படி ஓலை வருகிறது. அமெரிக்காவில் வேலையிழந்தோருக்கான விசேஷ உதவியில் இது பலருக்கு நேர்ந்தது. கடனை மன்னிக்க 2020 டிசம்பரில் சட்டத்தில் இடமளித்தார்கள். இதற்கு முன்பே, 2013 முதல் 2015 வரை, மிச்சிகன் மாநிலத்தில் ஓர் இயந்திரக் கணக்கு 40,000 பேருக்கு மேல் மோசடிக்காரரென்று தவறாகத் தீர்ப்பளித்தது. பலருடைய கூலி பிடித்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, முன்னே சோதியாதவனின் இரக்கத்தை நான் இரக்கமென்று கொள்வதற்கில்லை. சோதனையின் பாரம் ஒழிவதில்லை; திக்கற்றவன் தலைக்கு மாறுகிறது, அவ்வளவே.

சிங்கப்பூர் அந்த ஆண்டு வேலை ஆதரவுத் திட்டத்தில் வேறு வழி கண்டது. மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் கட்டிய சந்தாவைக் கொண்டே உதவித் தொகை கணக்கிடப்பட்டது, விண்ணப்பமே வேண்டியிருக்கவில்லை. ஐயத்திற்குரிய சிலரிடம் மட்டும் வருவாய் ஆணையம் கடிதம் எழுதி விளக்கம் கேட்டது. கேள்வி தொழிலாளியிடம் போகவில்லை என்பதே இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

ஆயினும் நாம் தோள் தட்டிக்கொள்ளுமுன் ஒன்று காண வேண்டும். புத்தகத்தில் பெயருள்ளவனுக்கே புத்தகம் உதவும். சுயதொழில் புரிவோருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதங்களுக்குத் தனித் திட்டம் வகுக்க நேர்ந்தது. வருமானத்தை முன்பே அறிவித்திருந்தோர் பலர் தாமாகவே சேர்க்கப்பட்டனர். மற்றவர் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. எந்த ஏட்டிலும் பதியப்படாத அன்றாடங்காய்ச்சியைக் கேள்வி கேட்காமல் தீராது. அதை அவன் இருப்பிடம் சென்று கேட்கும் உத்தியோகஸ்தரை நோயில்லாத நாளிலேயே சர்க்கார் நியமித்து வைத்திருக்க வேண்டும்.