கர்த்தா யார்?

ஆங்கில வினைச்சொற்களின் முக்கால வடிவங்களைப் பள்ளிப் பருவத்தில் ராகம் போட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு, டிரைவ், டிரோவ், டிரிவன் என்ற வரிசையும், ஸ்ட்ரைவ், ஸ்ட்ரோவ், ஸ்ட்ரிவன் என்ற வரிசையும் முதுமையிலும் நாவை விட்டு அகலுவதில்லை. அதே அச்சில் வார்த்த இன்னொரு வினைச்சொல் உண்டு. ஷ்ரைவ், ஷ்ரோவ், ஷ்ரிவன் என்று அது திரியும். இன்று அதைப் பேச்சில் வழங்குவோர் அரியர். பழைய காவியங்களிலும் நாடகங்களிலும் திருச்சபையின் சரித்திரத்திலுமே அதற்கு வாசம். ஒருவன் தன் பாவங்களை அறிக்கையிடக் குருவானவர் அதைச் செவிமடுப்பது, அதற்குத் தக்க பிராயச்சித்தத்தை விதிப்பது, பின்பு அவனைப் பாவத்தினின்று விடுவிப்பது ஆகிய மூன்று கிரியைகளையும் அந்த ஒரு சொல் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. வியாகரணத்தில் தொடங்கித் தத்துவ விசாரத்தில் கொண்டுபோய் விடும் சொற்கள் எல்லா மொழிகளிலும் சில உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு நிகரான ஒன்றை நான் கண்டதில்லை.

அதன் பிறப்பே வியப்புக்குரியது. எழுதுதல் என்று பொருள்படும் ஸ்கிரீபெரே என்னும் லத்தீன் வினையிலிருந்து பழைய ஜெர்மானிய மொழிகள் அதைக் கடன் வாங்கின. ஜெர்மன் மொழியில் அது ஷ்ரைபன் என்ற உருவத்தோடு எழுதுதலையே இன்றளவும் குறிக்கிறது. ஆங்கிலேயரின் முன்னோர்களோ, எழுதுவதற்குத் தங்கள் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு, வந்த சொல்லை விதித்தல் என்ற பொருளுக்கு, சிறப்பாகப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் விதித்தல் என்ற பொருளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். விதியைத் தலையெழுத்து என்று சொல்லிப் பழகிய நமக்கு, எழுத்திலிருந்து விதிக்குச் சென்ற இந்தப் பயணம் அந்நியமாகத் தோன்றாது. மற்றொரு விசேஷமும் உண்டு. பிற மொழியிலிருந்து புகுந்த வினைகள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இறந்தகாலத்துக்கு ஒரு விகுதியைச் சேர்த்துக்கொண்டு அமைந்துவிடும். உள்ளிருக்கும் உயிரோசை மாறித் திரிவது அம்மொழியின் பூர்வகுடிகளான வினைகளின் லட்சணம். ஷ்ரைவ் கடன் சொல்லாயிருந்தும் பூர்வகுடியைப் போலவே உயிர் மாறித் திரிகிறது. ஷ்ரைவ்ட் என்ற விகுதி வடிவமும் வழங்கியதுண்டு. ரோமியோவும் ஜூலியட்டும் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் கையாளுவது அதைத்தான். தபசு காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாயை ஆங்கிலேயர் இன்றும் ஷ்ரோவ் செவ்வாய் என்றே அழைக்கிறார்கள்.

ஒரு வினை என்றால் அதற்கு ஒரு கர்த்தா வேண்டும். மன்னிக்கப்பட்டான் என்று செயப்பாட்டுவினையில் சொல்லிவிட்டால் கர்த்தா மறைந்து நிற்கலாம். செய்வினையில் சொல்லும்போது அவர் வெளியே வந்தே தீரவேண்டும். ஷ்ரைவ் என்ற செய்வினைக்கு எழுவாயாக நிற்பவர் குருவானவர்; நம்மைப்போல் உண்டு உறங்கி, நம்மைப்போல் பாவமும் செய்கிற மனிதர். பாவத்தை நீக்கும் வல்லமையோ கடவுளுடையது. அப்படியானால் இந்த வினைக்குக் கர்த்தா யார்? இலக்கணத்தில் செய்பவனைக் குறிக்கும் அதே சொல், தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் என்று ஆண்டவனைக் குறிக்க நிற்பதால், இந்தக் கேள்வி ஆங்கிலத்தில் பெறாத ஒரு கூர்மையைத் தமிழில் பெற்றுவிடுகிறது.

1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விவரமறிந்த வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டுமென்று விதித்தபின், உழுகிறவன் முதல் அரசன் வரையில் இந்தக் கேள்வி தொடாத ஆத்துமா ஐரோப்பாவில் இல்லையென்றாயிற்று. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே பீட்டர் லொம்பார்டு என்ற வேதசாஸ்திரி ஒரு விடை சொல்லியிருந்தார்: பழைய ஏற்பாட்டின் ஆசாரியன் குஷ்டரோகியைக் குணமாக்கவில்லை, குணமாகிவிட்டான் என்று அறிவிக்க மாத்திரமே செய்தான், அதுபோலக் குருவும், கடவுள் முன்னரே விடுவித்தவனை விடுதலை பெற்றவன் என்று காட்டுகிறார். இதற்குத் துணையாக லாசருவின் கதையையும் அக்காலத்தார் எடுத்துக்காட்டுவார்கள். கல்லறையிலிருந்து அவனை உயிரோடு எழுப்பியவர் கிறிஸ்து. ஆனால் கைகால்களைச் சுற்றியிருந்த பிரேதச் சீலைகளை அவிழ்க்கும்படி அவர் சுற்றிலும் நின்றவர்களுக்கே கட்டளையிட்டார். உயிர் கொடுத்தது ஒரு கை; கட்டவிழ்த்தது வேறு கை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனோடு அமையவில்லை. கடவுள் உன்னை விடுவிப்பாராக என்று வியங்கோளில் வேண்டிக்கொள்வதே குருவுக்குத் தகும், நான் உன்னை விடுவிக்கிறேன் என்று தன்மை ஒருமையில் சொல்லுவது தகாது என்று வாதித்த ஒருவருக்கு மறுப்பாக, பாவவிமோசன வாசகத்தின் வடிவத்தைப் பற்றி அவர் ஒரு சிறு நூலே எழுதினார். ஒரு வினைமுற்று தன்மையில் நிற்பதா, வியங்கோளில் நிற்பதா என்பதற்காக ஒரு மகாஞானி நூல் எழுதினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். மனிதனுடைய நித்திய கதியே அந்த விகுதியில் தொங்குவதாக அவர்கள் உணர்ந்திருந்தார்கள். கிரேக்க வழிபாட்டு மரபினர் வேண்டுகோள் வடிவத்தை விடாமல் காத்துவர, மேலைத் திருச்சபையில் தன்மை ஒருமையே வென்று, 1551இல் திரெந்து சங்கத்தால் உறுதியும் பெற்றது. இடையே 1517இல் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து வாக்கியங்களுள் ஆறாவது, குற்றத்தைக் கடவுள் மன்னித்துவிட்டார் என்று அறிவிப்பதன்றிப் போப்பரசருக்கும் வேறு அதிகாரம் இல்லையென்று கூறியதை நோக்கினால், லொம்பார்டின் குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்பது விளங்கும்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. அரசன் கோயில் கட்டினான் என்கிறோம். சிற்பி கோயில் கட்டினான் என்றும் சொல்கிறோம். இரண்டும் மெய். முன்னவனை ஏவுதற் கருத்தா என்றும் பின்னவனை இயற்றுதற் கருத்தா என்றும் நம்மவர் பிரித்தார்கள். அக்குவினாஸ் குருவானவரைக் கடவுளின் கையிலுள்ள கருவி என்று கூறியதை இந்தப் பாகுபாட்டைக்கொண்டு ஒருவாறு அறிந்துகொள்ளலாம். ஒருவாறு என்றுதான் சொல்லவேண்டும். அரசன் இல்லாமலும் சிற்பி உளியெடுக்கலாம், கடவுள் இல்லாமல் குரு நாவெடுக்க முடியாது. ஆயினும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. கர்த்தா கடவுளே என்று முற்றும் ஒப்புக்கொண்டாலும், இந்த வினை ஒருவன் தனியே தனக்குச் செய்துகொள்ளக்கூடியதன்று. பழைய ஆங்கிலத்தில் தன்னைத் தானே ஷ்ரைவ் செய்துகொண்டான் என்னும் பிரயோகம் உண்டு. அதற்கும் குருவினிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்தான் என்றுதான் அர்த்தம். தற்சுட்டாக நின்றபோதும் அச்சொல் இன்னொரு மனிதனுடைய செவியைக் கேட்கிறது.

அந்தச் செவி கிடைக்காமற் போவதன் பயங்கரத்தை ஹாம்லெட் நாடகத்தைப்போல் உணர்த்தும் நூல் வேறில்லை. தோட்டத்தில் உறங்குகையில் காதில் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்ட அரசனின் ஆவி, தன் உயிர் பறிபோனதைவிடப் பாவசங்கீர்த்தனமும் அந்திய அபிஷேகமும் இன்றிப் பாவபாரத்தோடு போனதற்கே மிகப் புலம்புகிறது. கொன்றவனான கிளாடியஸ் தனியே முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கிறான். கொலையால் பெற்ற கிரீடத்தையும் ராணியையும் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்பை எப்படி வேண்டுவது என்று அவனே தன்னைக் கேட்டுக்கொள்கிறான். கேட்க ஒரு குருவும் அங்கே இல்லை. பின்னாலிருந்து பார்க்கும் ஹாம்லெட், இப்போது வெட்டினால் இவன் சுத்தனாய்ப் பரலோகம் போய்விடுவான் என்று அஞ்சி வாளை உறையிலிடுகிறான். இவற்றையெல்லாம் படித்து முடித்து ஐந்தாம் அங்கத்துக்கு வரும்போது ஒரு செய்தி நெஞ்சை உலுக்குகிறது. தன் பாலிய சிநேகிதர் இருவரையும் அவர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற கடிதத்தையே மாற்றியெழுதி, பாவசங்கீர்த்தனத்துக்கும் அவகாசம் தராமல் கொன்றுவிட வேண்டுமென்று ஹாம்லெட் பணித்துவிட்டதாக அவன் வாயாலேயே கேட்கிறோம். அதற்கு முத்திரையிட அவன் உபயோகித்தது தன் தகப்பனாருடைய முத்திரை மோதிரம். எந்த அநியாயத்துக்கு இரையாகித் தந்தையின் ஆவி அலைந்ததோ, அதே அநியாயத்தின்மேல் அந்தத் தந்தையின் முத்திரையே பதிந்தது. விமரிசகர்கள் ஹாம்லெட்டின் தயக்கத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு, தயக்கமே இல்லாத இந்தக் கொடுமையைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை.

இந்த விவகாரம் தமிழுக்குப் புறம்பானதும் அன்று. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று, முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த ஹென்றீக்கஸ் பாதிரியார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேடு. நம் எழுத்துக்கள் ஈயத்தில் வார்க்கப்பட்ட அந்த ஆரம்ப நாட்களிலேயே பாவத்தைச் சொல்லும் முறைக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அந்தக் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை மாலை, நான் கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கத்தில் ஒரு முதிய அம்மாள் முழந்தாளிட்டு, மரத்தட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். பல தலைமுறைகளின் நெற்றிகள் பட்டு அந்த இடத்து மரம் மாத்திரம் கறுத்து மெருகேறியிருந்தது. உதடுகள் அசைவதைக் கண்டேன்; சொல் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் அசைவும் நின்றது. உள்ளிருந்து வந்த மெல்லிய குரல் முடிந்தபின் அவர் எழுந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. தூக்கிவந்த கூடையை வேறொருவர் கை கொடுத்து இறக்கிவைத்தாற்போல் தோளைத் தளர்த்திக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பீடத்தை நோக்கி நடந்தார்.

கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதிய மாலுமியின் பாட்டில், அல்பட்ராஸ் பறவையைக் கொன்றவன் கரை சேர்ந்தவுடன் வனத்து முனிவரிடம் இந்த வினைச்சொல்லையே இருமுறை சொல்லி மன்றாடுகிறான். அவரோ நெற்றியில் சிலுவையிட்டுக்கொண்டு, நீ எப்படிப்பட்ட மனிதன், சொல் என்று கேட்கிறார். அந்தக் கணமே ஒரு வேதனை அவன் உடலை முறுக்கித் தன் கதையைச் சொல்ல வைக்கிறது. சொல்லி முடித்ததும் விட்டுவிடுகிறது. பின்பு எதிர்பாராத வேளையில் திரும்பவும் பிடிக்கிறது. ஏவலாக இரண்டு முறை வந்த அந்த வினை, ஷ்ரிவன் என்ற எச்ச வடிவத்தில் அந்தப் பாட்டில் ஓரிடத்திலும் வருவதில்லை. முனிவரிடமிருந்து விமோசன வாசகம் எதுவும் நம் காதில் விழுவதில்லை. அவன் தேசம் தேசமாக நடக்கிறான். தன் கதையைக் கேட்கவேண்டியவன் யார் என்பது முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாண வீட்டு வாசலில், உள்ளே வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கையில், விருந்துக்குப் போகிற ஒருவனைக் கண்ணாலேயே நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குகிறான்.