கேட்டால் சொல்லலாம்

2025 ஏப்ரலில் என் காரை விற்கப் போட்ட விளம்பரம் இது: 2018 மாடல், பெட்ரோல், முதல் ஓனர், 61,000 கிலோமீட்டர், டாப் வேரியன்ட், 6 ஏர்பேக், விலை 4,20,000, கொஞ்சம் பேசலாம். இதில் ஒரு பொய்கூட இல்லை. போடுவதற்கு முன் இரண்டு தடவை சரிபார்த்தேன். கோட் எழுதிப் பிழைப்பவனுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம்.

விளம்பரத்தில் இல்லாதது 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில், அந்த வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. சீட் குஷனின் அடிவரை தண்ணீர். என் மெக்கானிக் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: "சாவியை மட்டும் தொட்டுடாதீங்க சார்." தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்க்கும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நான் தொடவில்லை. இன்ஜின் பிழைத்தது. கார்ப்பெட், ஆயில், சில வயரிங், ஒரு கன்ட்ரோல் மாட்யூல் மாற்றினார்கள். பெரும்பகுதியை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதத்தில் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. நன்றாகவே ஓடியது.

ஒன்றைத் தவிர. 2024 மழைக்காலத்தில் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர் இருக்கும். சீட்டின் பக்கவாட்டில் உள்ள ஏர்பேக்குக்குப் போகிற இணைப்பு. அதன் பின்களில் பச்சையாகப் பூத்திருந்தது. மெக்கானிக் சுத்தம் செய்தார், விளக்கு அணைந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி எரிந்தது. மறுபடி சுத்தம். ஜனவரியில் காற்று உலர்ந்ததும் தானாகவே நின்றுவிட்டது. அந்த விளக்கு எரியும்போது மோதினால் பை விரியுமா? விரியும் என்று நம்பி உட்கார முடியாது. அதைச் சொல்லத்தான் விளக்கே இருக்கிறது.

ஏப்ரலில் விளக்கு எரியவில்லை. நான் வண்டியை விற்க ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தேனா, அது தற்செயலா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வரவில்லை.

வாங்க வந்தவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். முதல் கார். மனைவியையும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் போன் காலிலிருந்தே என்னை "அண்ணா" என்றார். கிளட்ச் மாற்றியாச்சா, டயர் எத்தனை ஓடியிருக்கு, ஏதாவது ஆக்சிடென்ட் உண்டா? எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். ஆக்சிடென்ட் இல்லை, உண்மை. அவருடைய மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார், பெயின்ட்டைத் தட்டிப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுத் தலையசைத்தார். வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாலிசியை நீட்டினேன், முடியும் தேதியை மட்டும் பார்த்தார்கள். அதே தாளில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது. கிளெய்மே வாங்காமல் ஐந்து வருடம் ஓடிய வண்டிக்கு அது 50 சதவீதம் இருக்க வேண்டும். தெரிந்தவர் பார்த்திருந்தால் அந்தப் பூஜ்யமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

அந்தப் பெண் முன்பக்க இடது சீட்டில் உட்கார்ந்து, நெம்புகோலைத் தூக்கி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். கால் நீட்ட வசதியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். நான் சீட்டுக்கு அடியில் இழுபடும் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற ஏதாவது இருந்தா சொல்லிடுங்கண்ணா. இல்லைன்னா எல்லாம் ஓகேன்னு எடுத்துக்கறேன்" என்றார் அவர். நான் சிரித்தேன். பத்தாயிரம் அட்வான்ஸ் அனுப்பினார். அடுத்த ஞாயிறு ஃபார்ம் 29, 30 கையெழுத்து என்று முடிவானது.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "கேட்டா சொல்லு. கேக்காததை நீயா எதுக்குடா சொல்ற?" என்றார். அப்பா வாழ்க்கையில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கும் தெரியாது. பொய் சொல்வது பாவம், சும்மா இருப்பது சாமர்த்தியம்.

மெக்கானிக் சொன்னதுதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. "வெள்ளத்துல நின்ன வண்டின்னு நீங்க சொன்னா அவர் மனசுல என்ன வரும் சார்? துருப்பிடிச்ச குப்பைன்னு வரும். ஆனா இது அப்படியா இருக்கு? நீங்க உண்மையைச் சொன்னா அவருக்குப் பொய்தான் போய்ச் சேரும்."

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு தகவல் சரியாக இருந்தும் கேட்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம். நான் மௌனமாக இருந்தால் அவர் வண்டியை அதன் மதிப்பைவிடக் கொஞ்சம் உயர்வாக நினைப்பார். பேசினால், மிகவும் குறைவாக நினைப்பார். இரண்டில் எது உண்மைக்குப் பக்கம்? இரண்டு நாள் இந்த வாதத்தை ஒரு போர்வை மாதிரி போர்த்திக்கொண்டிருந்தேன்.

இந்தச் சிக்கல் பழையது. கி.மு. 44இல் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒருவர் கப்பல் நிறைய தானியம் கொண்டுவருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? பாபிலோனின் டயோஜெனிஸ், சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும் என்கிறார். ஏமாற்றாமல் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், விற்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவனுக்கும் தெரிய வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். வாயை மூடியிருப்பது எல்லாமே மறைப்பது ஆகாது. அடுத்தவருக்குத் தெரிய வேண்டியது, உன் லாபத்துக்காகத் தெரியாமல் இருக்கட்டும் என்று நீ விரும்பினால் அதுதான் மறைப்பது. (அதே வருடம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வாடகைக்கு விட்டிருந்த தன் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவற்றிலும் விரிசல், குடியிருந்தவர்கள் மட்டுமல்ல எலிகளும் ஓடிவிட்டன என்று ஜோக் அடிக்கிறார் சிசரோ. வாடகைக்கு வந்தவர்களிடம் விரிசலைச் சொன்னாரா என்று கேட்கத் தோன்றுகிறது.)

இதன்படி பார்த்தால் மெக்கானிக்கின் வாதம் வாதமே இல்லை. அவர் தப்பாக நினைத்துவிடுவாரே என்பதற்காக நான் மௌனமாக இல்லை. 4,20,000 குறைந்துவிடுமே என்பதற்காக இருந்தேன். அவருடைய புரிதல்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் வழி எளிது: வெள்ளம், மாற்றிய பாகங்கள், பில், இன்னும் மிச்சமிருக்கும் ஒரே கோளாறு என்று விவரமாகச் சொல்லலாம். வேலையில் ஒவ்வொரு ரிலீஸுக்கும் இதைத்தானே செய்கிறோம், 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியல் போட்டு.

புதன் இரவு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது இருக்கும் என்று தேடிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1872ஆம் வருடச் சட்டம், 17ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பது. விளக்கத்துக்குக் கீழே உதாரணங்கள். முதல் மூன்றும் குதிரை வியாபாரம். முதலாவதில், நோய்ப்பட்ட குதிரை என்று தெரிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான், எதுவும் சொல்லவில்லை. மோசடி இல்லை. அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது: வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் வயதுக்கு உரிமை பெற்றவள். அந்த உறவே சொல்லியாக வேண்டிய கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவது: 'நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறான் வாங்குபவன். விற்பவன் பேசவில்லை. அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மூன்றாவதைப் படித்தபோது காது சுட்டது. "இல்லைன்னா எல்லாம் ஓகேன்னு எடுத்துக்கறேன்." நூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதிய ஒரு குதிரைக்காரனின் வசனம், என் பார்க்கிங்கில்.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது இரண்டாவதுதான். சட்டம் உறவை ஒரு கோடாகப் போடுகிறது: இந்தப் பக்கம் ஏலக்கூட்டம், அந்தப் பக்கம் மகள். தமிழ்நாட்டில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? இங்கே முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்கவே ஒரு உறவுமுறை தேவைப்படுகிறது. காய்கறி விற்பவர் அக்கா, ஆட்டோ ஓட்டுபவர் அண்ணன், கார் விற்கும் நான் அண்ணா. அது வெறும் வார்த்தை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அப்படியே வெறும் வார்த்தையா? வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், தன்னிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பாக அந்தச் சொல்லை நீட்டுகிறார் என்று இப்போது தோன்றுகிறது. நானும் "வாங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். அதை வாங்கிக்கொண்டு ஏலக்காரனின் சலுகையையும் கேட்பது இரட்டை வசூல். "சார்" என்று அவர் கூப்பிட்டிருந்தால் கடமை குறைந்திருக்குமா? இல்லை. ஆனால் எனக்கு மறந்துபோக வசதியாக இருந்திருக்கும்.

கூடவே அந்த "6 ஏர்பேக்". கேட்காததைச் சொல்லவில்லை என்பது அப்பாவின் வாதம். ஏர்பேக்கைப் பற்றி யாரும் கேட்காமலே நானாகத்தான் சொன்னேன், விலையை ஏற்ற. ஆறில் ஒன்று மழைக்காலத்தில் விடுப்பு எடுக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பில்கள் அனுப்புகிறேன், கனெக்டரோடு வயரிங்கை என் செலவில் மாற்றித் தருகிறேன், 40,000 குறைத்துக்கொள்ளலாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இதை ஞாயித்துக்கிழமையே ஏங்க சொல்லல?"

அண்ணா போய்விட்டிருந்தது. தப்புதான் என்றேன்.

"வேற என்ன இருக்கு?"

வேறு எதுவும் இல்லை. அது உண்மை. ஆனால் நான்கு நாள் தாமதமாக உண்மை பேசியவனின் "எதுவும் இல்லை"க்கு என்ன மதிப்பு? சாயங்காலம் அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். உடனே அனுப்பிவிட்டேன்.

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த கட்டுரை. அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைக்க அதுதான் முக்கியக் காரணம். நல்ல வண்டி எது, மோசமானது எது என்று வாங்குபவருக்குத் தெரியாததால் அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர்கள் விலகுவார்கள். சராசரி இன்னும் இறங்கும். சந்தையில் நேர்மையின்மைக்கான விலையை ஏமாந்தவர் மட்டும் கட்டுவதில்லை, நேர்மையாக விற்க நினைப்பவரும் சேர்த்துக் கட்டுகிறார். கல்லூரியில் படித்திருந்தால் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்திருப்பேன். அன்று அவர் கேட்ட "வேற என்ன இருக்கு?" அந்தச் சராசரியின் குரல். என் தெருவில் எனக்கு முன்னால் விற்ற அத்தனை பேரும் சேர்ந்து வளர்த்த குரல், அந்த நான்கு நாளில் நானும் கொஞ்சம் ஊட்டிய குரல்.

மே மாதம் ஒரு பழைய கார் டீலர் வந்தார். முதலிலேயே வெள்ளத்தைச் சொன்னேன். சிரித்தார். "வேளச்சேரி அட்ரஸ், 2018 வண்டி. தெரியாதா சார்?" ஏர்பேக் விஷயத்தைச் சொன்னபோது பாதி கேட்டார். 3,30,000 என்றார். சரி என்றேன்.

"இதை வாங்கப்போறவர்கிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "கேட்டா சொல்லுவோம் சார்" என்றார். அப்பாவின் அதே வாக்கியம்.

ரோட்ஸ் வியாபாரி நேரடியாகச் சாப்பிடுபவருக்கே விற்றார். நடுவில் ஒரு மொத்த வியாபாரி இருந்திருந்தால் ஆன்டிபேட்டர் என்ன சொல்லியிருப்பார்? நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அதை ஏற்கெனவே தெரிந்தவரிடம் சொன்னேன். தெரிய வேண்டியவர் இனிமேல்தான் வரப்போகிறார், மனைவியை இடது சீட்டில் உட்காரவைத்துப் பார்க்கப்போகிறார். என் பொறுப்பு எந்த வளைவில் முடிகிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தைய இரவு கீழே போய், சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: தேதி, தண்ணீர் நின்ற உயரம், மாற்றிய பாகங்கள், இடது சீட்டின் மஞ்சள் கனெக்டர், என் போன் நம்பர். கிளவ் பாக்ஸில் வைத்து மூடினேன். ஒரு பக்கம்தான், கிழித்து எறிய ஒரு நொடி ஆகாது. அக்டோபரில் மழை தொடங்கியதிலிருந்து தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லாம் லோன் வேண்டுமா என்பவர்கள்தான்.