பேச்சை மாற்றும் கல்

அநியாயத்தைக் கண்டு கோபம் வருகிறதா? வரட்டும். கோபமே வராத மனதில் நியாயமும் தங்காது. ஆனால் அந்தக் கோபத்தைக் கைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கை கல்லை எடுத்த நொடியில் பேச்சு மாறிவிடும். அதுவரை உங்கள் குறையைப் பேசிய ஊர், அதன்பின் உங்கள் கல்லைத்தான் பேசும்.

கல் எடுக்கும் வழி, எடுக்காத வழி, புதுச்சேரிக்கு இரண்டும் தெரியும்.

இங்கே துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் அரசின் கலெக்டர் ஆஷைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். உயிரைக் கொடுத்த துணிவு அது. சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் என்று ஆஷ் மீது மக்களுக்குக் கொதிப்பு இருந்தது. ஆனால் குண்டு பாய்ந்ததும் கப்பல் பேச்சு பின்னுக்குப் போனது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது, யார் யார் கூட்டு என்பதே பேச்சானது. அரசுக்குச் சாக்குக் கிடைத்தது: தேடுதல், கைது, சதி வழக்கு.

அடுத்தது 1936, புதுச்சேரியின் சவானா பஞ்சு மில். பத்து, பன்னிரண்டு மணி நேரம் பஞ்சுத் தூசியையே மூச்சாக இழுத்தவர்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். சங்கம் வைக்க உரிமை கேட்டார்கள். மில்லுக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். கதிர் சுற்றவில்லை, தறி ஓடவில்லை. அதே ஆண்டு பிரான்சிலும் தொழிலாளர்கள் இப்படி உட்கார்ந்துதான் வாரம் 40 மணி நேர வேலைக்குச் சட்டம் பெற்றார்கள். அங்கே கொடுத்ததை, அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இங்கே எப்படி மறுப்பது? ஜூலை 30 அன்று அரசு தோட்டாவால் மறுத்தது. 12 தொழிலாளர்கள் மடிந்தார்கள்.

அன்று ஊரில் ஆத்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா அதைப் பழிவாங்கலாக்கவில்லை. கோரிக்கையாகப் பாரிஸ் வரை கொண்டுபோனார். பழி சுட்டவர்கள் மேல் நின்றது. பேச்சு எட்டு மணி நேரத்தின் மேல் நின்றது. 1937-இல் சட்டம் வந்தது.

வன்முறை நியாயமான பதிலாகுமா என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்: அது எதிரியை அடிக்கும் முன்பே நம் நியாயத்தை அடித்துவிடுகிறது. நம்மைச் சுட்டவன் பதில் சொல்ல வேண்டியவன். நாம் சுட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இன்று உங்களுக்கும் ஒரு குறை இருக்கலாம். அலுவலகத்தில், தெருவில், வீட்டில். நீங்கள் கத்தினால் உங்கள் கத்தலைப் பேசுவார்கள். மேசையைத் தட்டினால் மேசையைப் பேசுவார்கள். அந்த வசதியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கூட நிற்க ஆள் சேருங்கள். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். பதில் வரும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.