கடன் யாருடைய வினை?

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை ஏறத்தாழ 25 கோடி டொலர் பாக்கி வைத்திருந்தது. கையில் டொலர் இல்லை. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தப் பாக்கியைத் தீர்ப்பது என்று 2021 டிசெம்பரில் இரு நாடுகளும் உடன்பட்டன. 2023இல் தேயிலை கப்பலேறத் தொடங்கியது. அந்த எண்ணெயை எரித்த வாகனங்களில் பெரும்பாலானவை எங்கள் டிக்கோயா மலைப்பாதையைக் கண்டிருக்காது. ஆனால் கடனை அடைப்பது இந்த மலையில் பறித்த கொழுந்து.

பல வருடங்கள் தோட்டப் பாடசாலையில் சைவநெறி படிப்பித்தவன் நான். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூவகை வினையைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம். 2022இல், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில், ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் சொற்பொழிவு நடந்தது. பேசியவர் வெளியிலிருந்து வந்தவர். நாடு படுகிற பாடு மக்களின் முன்வினை என்றும், பொறுமையாக அனுபவித்துக் கழிக்க வேண்டும் என்றும் சொன்னார். முடிந்ததும் கொழுந்து பறிக்கிற ஓர் இளம் பெண் என்னிடம் வந்தாள். என்னிடம் படித்தவள். “சேர், அம்பாந்தோட்டைத் துறைமுகத்த நான் படத்துலதான் பார்த்திருக்கேன். அந்தக் கடன் எப்படி சேர் என்னோட கர்மமாகும்?” என்று கேட்டாள்.

அவளுக்கு நான் அன்று சொன்னதையும், பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வினை பற்றிய சைவ சித்தாந்தத்தின் வாதத்தை நம் பேச்சாளர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வினை சடப்பொருள். அதற்கு அறிவில்லை. செய்தவன் யார், எங்கே இருக்கிறான் என்று தேடிப் போய்ச் சேர அதனால் முடியாது. அதனால்தான் வினைப்பயனைச் செய்தவனிடமே சேர்ப்பிக்க இறைவன் ஒருவன் வேண்டும் என்று சித்தாந்தம் நிறுவுகிறது. இந்த வாதத்தின் உயிரே முகவரி தவறாமைதான். ஒருவன் செய்ததை இன்னொருவன் அனுபவித்தால் அந்தத் தத்துவம் முழுக்கச் சரிந்துவிடும். பௌத்தமும் இதில் வேறுபடவில்லை. உயிர்கள் தம் கர்மத்துக்குத் தாமே உரியவை என்பது புத்தரின் போதனை. இல்லறத்தானுக்குரிய நான்கு இன்பங்களை அனாதபிண்டிகருக்குச் சொன்னபோது, கடனில்லாமல் இருப்பதை அவர் ஓர் இன்பமாகவே எண்ணிச் சொன்னார்.

நாட்டுக் கடன் நேர் எதிராக நடக்கிறது. கையெழுத்து வைத்தவர் ஓய்வூதியத்துடன் போய்விடுவார். கடன், அந்த நேரத்தில் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கர்மம் என்று சொல்வது நாட்டுக்கும் பொய், சமயத்துக்கும் பொய்.

அம்பாந்தோட்டைக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கி கொடுத்த கடன் 30 கோடி 70 இலட்சம் டொலர். வட்டி 6.3 வீதம். 2010 நவம்பர் 18இல் துறைமுகம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017 ஜூலை 29இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துடன் 99 வருடக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. கிடைத்த தொகை 112 கோடி டொலர். கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நடந்தது அப்படி அல்ல. வந்த பணத்தால் துறைமுகக் கடன் அழிக்கப்படவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கிப் பிடிக்க அது போனது. அப்போது நாட்டை அதிகம் நெருக்கியவை மேற்குலகச் சந்தைகளில் விற்ற இறையாண்மை முறிகள். ஆக, துறைமுகமும் கைமாறியது, அதைக் கட்ட வாங்கிய கடனும் திறைசேரியின் தலையில் அப்படியே நின்றது.

இதைப் படித்தபோது எனக்குத் துண்டு ஞாபகம் வந்தது. மலையகத்தில் துண்டு என்றால் வயதானவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கூட்டிவரும் செலவு, வழியில் சாப்பாடு, கம்பளி எல்லாம் கடனாகக் கங்காணியின் பேரேட்டில் ஏறும். தோட்டத்தை விட்டுப் போக நினைத்தால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் ஆட்களை விடுவிப்பேன் என்று அதில் இருக்கும். அதுதான் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டுவார், ஆட்கள் அங்கே போவார்கள், கடன் புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறும். தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் தீராது. மாறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவும் செய்யும். 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். என் பாட்டனார் பிறந்தபோதே அவருக்காக ஒரு கடன் காத்திருந்தது என்று பாட்டி சொல்வார். எவ்வளவு என்று அவருக்கே தெரியாதாம். அப்பன் பட்டது, அதனால் மகனுடையது. அந்த நாளிலும் யாரோ ஒருவர் கோயில் வாசலில் நின்று இதை முன்வினை என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். எங்கள் சனம் அதை நம்பியதும் அத்தனை காலம் அது நீடித்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எல்லாக் கடனும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் சம்பளத் துண்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. சங்கச் சந்தா, கோயில் காசு, டோபிக் காசு, பாபர் காசு என்று கழிவுகள் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே தீபாவளி முற்பணம். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஒரு கிலோ வெட்டினால் சண்டைக்குப் போகிற அம்மா, அந்த முற்பணக் கழிவைப் பார்த்து ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. சேலை எடுத்தவர் அவர், எங்களுக்குச் சட்டை தைத்தவர் அவர், கட்டுவதும் அவர். நாட்டுக் கடனிலும் அப்படி உண்டு. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் வந்தது. சென்கிளேயர் அருவிக்காக அன்று எதிர்த்தவர்களோடு நானும் மனதால் நின்றேன். ஆனாலும் அந்த 150 மெகாவொட் மின்சாரம் இன்றுள்ளவர்களுக்கு விளக்கெரிக்கிறது. அதற்கு இன்றுள்ளவர்கள் கட்டுவதில் நியாயம் உண்டு.

இங்கேதான் பழியையும் பொறுப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் சேனையும் முடிக்குரியவை என்று வைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக்கூட மலைகள் விற்கப்பட்டன. கண்டிய விவசாயியின் சேனையும் மேய்ச்சல் நிலமும் அப்படித்தான் கோப்பித் தோட்டமாகி, பிறகு தேயிலைத் தோட்டமாயின. எங்கள் முன்னோர் அந்தக் காணியைப் பறிக்கவில்லை. பசியால் வந்து, பறித்தவனுக்கு வேலை செய்தவர்கள். பழி எங்களுக்கில்லை. ஆனாலும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் காணிப் பசியை எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்த மண்ணில்தான் பிறந்தேன், அந்த மண்ணில்தான் சோறு உண்டேன். பொறுப்பு என்பது உண்டு வளர்ந்ததனால் வருவது. சேனையை இழந்த விவசாயிக்கும் சரி, லயத்துக்கு வந்து சேர்ந்த தொழிலாளிக்கும் சரி, அவர்களைக் கேட்காமலே யாரோ கையெழுத்து வைத்தார்கள்.

எங்களைக் கேட்காமல் வைத்த கையெழுத்துகளில் பெரியது 1964 அக்டோபர் 30இல் நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பிரிக்கப்பட்ட சனத்தின் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்கவில்லை. வெளிநாட்டுக் கொள்கை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சிலர் இன்றும் மௌனமாகிவிடுவது இதனால்தான். ஹட்டனில் ரயிலேறி மன்னார் வழியாகப் போனவர்களின் அழுகையை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே பத்திரிகையில் ‘இந்தியாவா, சீனாவா’ என்று தலைப்பு வரும்போது என் மனம் அதில் தங்குவதில்லை. 2022 ஓகஸ்ட் 16இல் ‘யுவான் வாங் 5’ என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டெல்லி கவலைப்பட்டது. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. இலங்கைத் துறைமுகங்கள் இந்தியாவுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டுக்குப் போகாது என்று 1987இலேயே கடிதம் கைமாறியிருக்கிறது. அந்தக் கவலை இந்தியாவுடையது, அதை இந்தியா சொல்லும். 2017 மே 12இல் நோர்வூட் மைதானத்துக்கு இந்தியப் பிரதமர் மோடி வந்து பத்தாயிரம் வீடுகள் அறிவித்தார். நானும் சனத்தோடு நின்று கேட்டேன், மகிழ்ந்தேன். இரண்டரை மாதம் கழித்து அம்பாந்தோட்டை கையெழுத்தானது. வீடு தருகிற கையும் துறைமுகம் வாங்குகிற கையும் மாறி மாறி வரும். எந்தக் கை என்பதைவிட எத்தனை தலைமுறைக்கு என்பதே என் கேள்வி.

2017இல் எழுதிய 99 வருடம் 2116இல் முடியும். அதைப் பார்க்க இன்று வாழ்கிற அநேகமாக எவரும் இருக்கமாட்டார்கள். சீனருக்கே இந்த வலி தெரியும். 1898இல் ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களை 99 வருடத்துக்குப் பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, 1997வரை அவர்கள் காத்திருந்தார்கள்.

ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்துக்குப் போகிற என் ஆசிரிய நண்பரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் விவிலியத்தில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். ஐம்பதாவது வருடம் யூபிலி. அந்த வருடம் கைமாறிய காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நிலம் கடவுளுடையது என்பதால் நிரந்தரமாக விற்க எவருக்கும் உரிமையில்லை. விலையைக்கூட, யூபிலிக்கு இன்னும் எத்தனை அறுவடை மிச்சம் என்று எண்ணித்தான் போட வேண்டும். விற்பது விளைச்சலை மட்டும். இவ்வளவு நுட்பமான பொருளாதாரத்தை ஒரு வேதநூலில் படித்து நான் அசந்துபோனேன். தந்தை செய்தது பேரனின் வயிற்றை எங்கே வரை தொடலாம் என்பதற்கு அங்கே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்.

நம்மிடம் எல்லாளன் இருக்கிறான். கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு அவன் வழங்கிய தீர்ப்பை மகாவம்சமே சொல்கிறது. அதே நூல் இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறது. அது நம்மவர் மேடைகளில் அதிகம் வருவதில்லை. எல்லாளனின் தேர் நுகம் இடித்து ஒரு பௌத்த தூபியின் பதினைந்து கற்கள் பெயர்ந்துவிட்டன. அவன் சைவன், தூபி அவன் வணங்குகிற இடமும் அல்ல. ஆனாலும் தேரிலிருந்து இறங்கி, என் தலையையும் சக்கரத்தால் துண்டியுங்கள் என்று வீதியில் விழுந்தான். எங்கள் ஆசான் உயிர்வதையை ஏற்கமாட்டார், தூபியைத் திருத்தினால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். பதினைந்து கல்லுக்காகப் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான். மகன் செய்ததற்கு மகன், தான் செய்ததற்குத் தான். குடிகள் மேல் ஒரு வரியும் ஏறவில்லை என்று நூல் சொல்லவில்லைதான். ஆனால் பழியை அவன் குடிகளின் தலைவிதியாக்கவில்லை. இந்தத் தீவை ஆண்ட ஒரு தமிழ் அரசனை, அவனை எதிரியாகக் கண்ட நூலே இதற்காகப் போற்றுகிறது.

என் மாணவிக்கு என் பதில் இதுதான்: அம்மா, அந்தக் கடன் உன் கர்மம் அல்ல. அதைக் கட்டுவதில் உனக்கும் ஒரு பங்கு வந்து சேரலாம், ஏனென்றால் நீ இந்த நாட்டில் வாழ்கிறாய், இதன் ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் போகிறாய். அந்தப் பங்கைக் கட்டுகிறவளுக்குக் கணக்குக் கேட்கிற உரிமை உண்டு. கணக்குக் கேட்பது சிவநிந்தை ஆகாது.

கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தை அதானி கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தபோது 35 வருடம் என்று எழுதினார்கள். யார் எடுத்தாலும், எந்த நாடு வந்தாலும், ஒரு தலைமுறையைத் தாண்டாத அந்த அளவைச் சட்டமாக்க வேண்டும். அதற்கு மேல் எழுதுகிற ஒப்பந்தம் மக்கள் வாக்குக்குப் போக வேண்டும்.

இது எங்கள் வாசலுக்கும் வருகிறது. பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு 1992இலிருந்து 53 வருடம் என்று எழுதிய குத்தகை 2045இல் முடிகிறது. நாங்கள் பரம்பரையாகக் குடியிருக்கிற லயக் காம்பராக்களும் அந்தக் காணிக்குள்தான் இருக்கின்றன. அநேகமானோருக்குக் கையில் உறுதி இல்லை. அடுத்த குத்தகைப் பேச்சு 2045வரை காத்திருக்காது, கொழும்பில் முன்கூட்டியே தொடங்கிவிடும். மலையகத்துச் சங்கங்களும் கோயில் சபைகளும் ஆலயப் பங்குகளும் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்: வீடு நிற்கிற காணி எங்கள் பெயருக்கு வந்த பிறகே புதிய கையெழுத்து.