எட்டாவது வரைக்கும் போதும்

என் அக்கா எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் அப்பா சொன்னார்: "எட்டாவது வரைக்கும் போதும். கவர்மென்ட்டுல அதுதான் கேக்குறாங்க." 1989இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தைத்தான் சொன்னார். எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. பணம் வாங்கப் பதினெட்டு ஆக வேண்டும். இடையிலிருந்த நான்கு வருடமும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பெரியப்பா மகளுக்குப் பதினைந்திலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. அக்கா பதினெட்டு வரை தப்பித்ததற்கு அந்த 5,000 ரூபாயும் ஒரு காரணம். அப்படியானால் அந்தப் பணம் அவளுக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?

பல வருடங்கள் கழித்து, ஆசிரியர் பயிற்சி மாணவிகளுக்குப் பாடம் நடத்தும்போது இந்தக் கேள்வி திரும்பி வந்தது. அன்றைய பாடம் பங்களாதேஷ் பள்ளிக் கல்வி. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள் அல்ல. நிர்வாகக் குழுக்கள் நடத்துகின்றன, ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு பணம் தருகிறது. 1994 முதல் கிராமப்புறம் முழுவதும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. அவளுக்கான கல்விக் கட்டணம் நேராகப் பள்ளிக்குப் போகும். அதனால் பள்ளிக்கும் பெண்பிள்ளைகள் வேண்டியவர்களானார்கள். நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகாதிருத்தல்.

கரும்பலகையில் இரண்டு திட்டங்களையும் எதிரெதிரே எழுதினேன். அங்கே கல்யாணம் செய்யாமலிருந்தால் பணம். இங்கே படித்துவிட்டுக் கல்யாணம் செய்தால் பணம். பங்களாதேஷின் வழிதான் முற்போக்கானது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டுமே கல்யாணத்தப் பத்திதானே மேடம் பேசுது? பையனுக்கு இப்பிடி யாராச்சும் நிபந்தனை போடுவாங்களா?"

அந்தக் கேள்வி சரியானது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்வது அவளில்லை. அப்பாவும் மாமாவும் பேசி முடிக்கிறார்கள். ஆனால் நின்றுபோவது அவளுடைய உதவித்தொகை. யார் தவறினார்களோ அவர்களை விட்டுவிட்டு, தவறுக்குப் பலியானவளிடமிருந்து பணத்தைப் பிடுங்குகிற நிபந்தனை அது. பள்ளிக்கூடம் யாருக்கு அதிகம் தேவையோ, அவளைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது.

பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்களாதேஷில் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்களைவிடப் பெண்களே இப்போது அதிகம். வீட்டில் "பணம் நின்னுபோயிடும்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு ஒரு வார்த்தை கிடைத்ததே, அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப்பேர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். 2017இல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலும் 'சிறப்புச் சூழ்நிலை' என்று ஒரு சந்து விட்டுவைத்தார்கள். பள்ளிக்குப் போனாள், அதனால் அவள் வாழ்க்கையை அவளே தீர்மானித்தாள் என்று ஆகிவிடுவதில்லை.

இன்றைய பங்களாதேஷில் இருக்கும் பாய்ராபந்தில் பிறந்தவர் பேகம் ரொக்கேயா. 1905இல் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதை வெளிவந்தது சென்னைப் பத்திரிகை ஒன்றில். அதில் பெண்களின் நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் உண்டு, இருபத்தொரு வயதுக்கு முன் கல்யாணம் கிடையாது. அங்கே படிப்பு கல்யாணத்துக்கான தகுதியில்லை. படித்தவர்கள் நாட்டை நடத்துகிறார்கள். நம் பக்கம் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாலித் தங்கத்துக்கு வைத்தோம். பின்னாளில் 4 கிராம், அப்புறம் 8 கிராம்.

2022இல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை படித்து மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். நிபந்தனை படிப்பைப் பற்றியது, கல்யாணத்தைப் பற்றியதல்ல. தொகை போதுமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு பெண்ணிடம் கேட்கவேண்டிய கேள்வி எது, கேட்கக்கூடாத கேள்வி எது என்பதில் இது சரியான பக்கம் வந்திருக்கிறது.

அக்காவின் கடைசி மகள் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்: "கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டாமாடி?"

"வேண்டாம்க்கா."

"அப்ப எதுக்குக் குடுக்குறாங்க?"

"படிக்கிறதுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "வெறுமனே படிக்கிறதுக்கா?" என்றாள்.