பின்காற்றின் பங்கு

அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தின் உள்ளரங்கப் பருவம் மார்ச் நடுவில் தேசியப் போட்டியோடு முடிவடைகிறது. அடுத்த ஓரிரு வாரங்களுக்குள் திறந்தவெளிப் பருவம் சூடுபிடித்துவிடுகிறது. வடக்கே மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் குளிர் இன்னும் விலகியிராத அந்நாள்களில் அணிகள் வெயிலைத் தேடித் தெற்கிற்கும் மேற்கிற்கும் பயணப்படுகின்றன: ஆஸ்டின் நகரில் டெக்சஸ் ரிலேஸ், கெய்ன்ஸ்வில்லில் ஃபுளோரிடா ரிலேஸ், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் போட்டி, ஏப்ரல் நடுவில் மவுண்ட் சாக் ரிலேஸ். இவற்றில் பதிவாகும் முடிவுகளைப் பயிற்றுநர்கள் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை. உடல் இன்னும் கடும்பயிற்சியின் களைப்பில் இருக்கிறது, காற்று நிலையாக இல்லை, உண்மையான போட்டி மே இறுதியில்தான் வரும் என்பது அவர்களுடைய வாதம்.

ஆனால் விதிப்புத்தகம் அவ்வாறு கருதுவதில்லை. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவில், நாடு கிழக்கு, மேற்கு என இரு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, பருவம் முழுவதிலும் பதிவான சிறந்த முடிவுகளின் வரிசைப்படி, பெரும்பாலான தனிநபர் போட்டிகளில் மண்டலத்திற்கு 48 பேர் முதற்சுற்றுக்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்களிலிருந்து மண்டலத்திற்குப் பன்னிருவர் இறுதிக் களத்திற்குச் செல்கிறார்கள். அந்த வரிசையில் மார்ச் மாத முடிவுக்கும் மே மாத முடிவுக்கும் எடை ஒன்றே. 10,000 மீட்டர் ஓட்டத்தில் தொடக்க முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாகவும் அமைந்துவிடுகிறது. ஒரு பருவத்தில் அந்தத் தொலைவை ஓரிரு முறைக்கு மேல் ஓட உடல் இடம்கொடுக்காது என்பதால், பருவத் தொடக்கத்தின் குளிர்ந்த இரவொன்றில், உரிய வேகத்தில் முன்னே இழுத்துச் செல்ல ஆள் கிடைத்த ஓட்டத்தில் பதிவான நேரத்தை வைத்தே அந்த ஆண்டு முழுவதும் கணிக்கப்படும். நாற்பத்தெட்டாமவர் செல்கிறார், நாற்பத்தொன்பதாமவர் வீட்டில் இருக்கிறார். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு உழைப்பால் வந்ததா, அன்று வீசிய காற்றால் வந்ததா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வியோ அதுதான்: ஒரு செயலின் விளைவில் எவ்வளவு செய்தவருடையது?

தத்துவம் நெடுங்காலமாக வார்த்தைகளால் தடவிப் பார்த்த இக்கேள்விக்குத் தடகளம் ஒரு கருவியைக்கொண்டு விடை சொல்லத் துணிந்தது என்பது கவனிக்கத்தக்கது. காற்றுமானி எனப்படும் அக்கருவி 1.22 மீட்டர் உயரத்தில், ஓடுபாதையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மிகாத தொலைவில் நிறுத்தப்படுகிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் புறப்பாட்டிலிருந்து பத்து விநாடிகளுக்கும், நீளம் தாண்டுதலில் வீரர் தாவுபலகைக்கு 40 மீட்டர் முன்னுள்ள குறியைக் கடக்கும் கணத்திலிருந்து ஐந்து விநாடிகளுக்கும் அது காற்றின் சராசரி வேகத்தை அளக்கிறது. பின்னாலிருந்து தள்ளும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த முடிவு சாதனையாக ஏற்கப்படாது. பட்டியலில் அதன் அருகே காற்று உதவியது என்ற குறி சேர்க்கப்படும். அவ்வளவு பின்காற்று ஆண்களின் 100 மீட்டரில் ஏறத்தாழ 0.10 விநாடியை மிச்சப்படுத்துகிறது. ஆகவே 1.9 என்ற அளவில் ஓடியவர் தம்முடையதல்லாத ஏறத்தாழ அதே உதவியைச் சட்டபூர்வமாகத் தம்முடையதாக்கிக்கொள்கிறார், 2.1 என்ற அளவில் ஓடியவரோ தம்முடையதையும் சேர்த்து இழக்கிறார். இக்கோடு இயற்கையில் எங்கும் இல்லை. உலகம் மனிதருக்குச் செய்யும் உதவியில் எந்த அளவுவரை அவரது செயலாக எண்ணலாம் என்று மனிதர் கூடி எடுத்த தீர்மானம் அது.

இத்தீர்மானத்தின் உண்மையான நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. மிகுந்த பின்காற்றில் பெற்ற தாண்டல் சாதனைக்குத் தகுதியற்றது. ஆனால் அன்றைய போட்டியில் வெற்றியைத் தீர்மானிக்க அது முழுமையாகச் செல்லும். 1991 ஆகஸ்ட் 30 அன்று தோக்கியோ உலகப் போட்டியில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான கார்ல் லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டியபோது காற்றுமானி 2.9 என்று காட்டியது. பாப் பீமன் 1968-இல் நிறுவிய 8.90 மீட்டர் சாதனையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலான அத்தாண்டலால் சாதனையாளர் ஆக முடியாத லூயிஸ், அதே தாண்டலால் அப்போட்டியில் முன்னணியில் இருந்தார். அடுத்த சுற்றில் மைக் பவல் 0.3 என்ற மெல்லிய காற்றில் 8.95 மீட்டர் தாண்டியிராவிடில், தங்கம் லூயிசுக்கே சென்றிருக்கும். ஒரே தாண்டல் ஒரு கணக்கில் முழுச்செயல், மறுகணக்கில் செயலே அல்ல.

முரண்பாடு போலத் தோன்றும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. களத்தில் உடனிருப்பவர்களுக்கிடையே காற்று பொதுவான விதியாகக் கருதப்படுகிறது. அவ்விதியைப் பகிர்ந்துகொண்டவர்கள் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் முறையிட இயலாது. சாதனை என்பதோ களத்தில் இல்லாதவர்களுடன், சில வேளை இறந்துவிட்டவர்களுடனும், நடத்தும் போட்டி. அவர்கள் அந்தக் காற்றை அனுபவித்ததில்லை என்பதால் அதைக் கழித்தாகவேண்டும். நீளம் தாண்டுதலில் ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒவ்வொரு காற்று வீசுவதால் பொது விதி என்ற எண்ணம் அரைக்கற்பனைதான் என்றாலும், அக்கற்பனையின்றிப் போட்டி என்ற ஏற்பாடே நிற்காது. பருவத் தொடக்கப் பட்டியல்களின் குழப்பம் இங்குதான் பிறக்கிறது. அவை ஆஸ்டினில் ஓடியவரையும் ஆரிகனில் ஓடியவரையும், சந்திக்காத இருவரை, ஒரே களத்தில் நின்றவர்கள் போல வரிசைப்படுத்துகின்றன. பகிராத விதியைப் பகிர்ந்ததாகக் கொள்கின்றன.

செயலும் பலனும் என்றவுடன் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பயன்மிக்கது பதினெட்டாம் அத்தியாயமே. எச்செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது: அதிஷ்டானம் என்னும் இருப்பிடமாகிய உடல், கர்த்தா என்னும் செய்பவர், கரணங்கள் என்னும் கருவிகள், பலவகைப்பட்ட முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் சரியாகக் காண்பதில்லை என்பது அதன் தொடர்ச்சி. ஐந்தாவதைச் சங்கரர் கண் முதலிய புலன்களுக்குத் துணைநிற்கும் ஆதித்தியன் முதலிய தேவதைகள் என்று விளக்க, இராமானுசர் உள்நின்று இயக்கும் பரமாத்மா என்று கொள்கிறார். இருவரின் வேறுபாடு பெரிது. எனினும் ஐந்தாவதைப் பிரித்தெடுத்துக் கழித்துவிட்டால் மீதி நான்கும் தூய செயலாக எஞ்சும் என்று இருவரும் சொல்லவில்லை. காற்றுமானி செய்ய முயல்வதோ அக்கழித்தலைத்தான். தசைநார்களின் அமைப்பும், பிறந்த ஊரின் உயரமும், உதவித்தொகை தரும் கல்லூரி கிடைத்த நற்பேறும் அளக்கப்படாமல் போக, அளக்க எளிதான காற்று மட்டும் தெய்வத்தின் பிரதிநிதியாகக் கூண்டில் நிறுத்தப்படுகிறது.

ஸ்டோயிக் தத்துவவாதிகள் இச்சிக்கலை ஒரே வெட்டில் தீர்க்கப் பார்த்தார்கள். சிசரோ தம் நூலொன்றில் கேட்டோவின் வாய்வழி எடுத்துரைக்கும் வில்லாளி, குறியை நோக்கி நேராக எய்வதற்குத் தன்னால் இயன்ற யாவற்றையும் செய்வதையே தன் இறுதி இலக்காகக் கொள்கிறான்; குறியில் அம்பு தைப்பது விரும்பித் தேரத்தக்கதே ஒழிய, அவனது நன்மை அதில் அடங்கியதல்ல. பருவத் தொடக்க முடிவை நோக்கித் தோள்குலுக்கும் பயிற்றுநர்கள் அறியாமலேயே இந்த மரபினர். ஆயினும் இவ்விடை மலிவாகக் கிடைத்த நிம்மதி என்றே தோன்றுகிறது. முயற்சி செய்யும் திறமும் அவரவர்க்கு வாய்த்ததுதானே என்ற வினா அதை விடாமல் துரத்துகிறது. 1976-இல் பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் அறவியல் நற்பேறு என்ற பெயரில் எழுதிய இணைக் கட்டுரைகள் இத்துரத்தலைக் கூர்மையாக்கின. விளைவில் மட்டுமன்றி, சூழ்நிலையிலும், ஒருவரது இயல்பின் ஆக்கத்திலுமே நற்பேறு கலந்திருக்கிறது என்றும், அதைக் கழித்துக்கொண்டே சென்றால் செய்பவர் என்று சுட்டுவதற்கு ஒரு புள்ளிகூட மிஞ்சாமற்போகலாம் என்றும் நேகல் காட்டினார்.

கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டும் முயற்சியும் கல்லூரித் தடகளத்தில் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற ஊர்களில் காற்று மெலிந்து உயிர்வளி குறைவதால் நெடுந்தூர ஓட்டங்கள் மெதுவாகின்றன. அதனால் குறிப்பிட்ட உயரத்திற்கு மேற்பட்ட களங்களில் பதிவான நேரத்தை ஓர் அட்டவணையின்படி திருத்தி, திருத்திய எண்ணையே என்.சி.ஏ.ஏ. தகுதி வரிசையில் சேர்க்கிறது. அதாவது எவரும் எங்கும் ஓடாத ஓட்டமொன்று, ஓடியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற உறுதியில், நிகழ்ந்ததாக ஏற்கப்படுகிறது. 1588-இல் லிஸ்பனில் வெளியான தம் நூலில், ஏசுசபைத் துறவி லூயிஸ் டி மொலினா கடவுளுக்கு உரியதாகக் கூறிய இடைநிலை அறிவு இத்தகையதே: நிகழக்கூடியவை அனைத்தையும் அறியும் அறிவுக்கும் நிகழ்பவற்றை அறியும் அறிவுக்கும் நடுவே, சுதந்திரமுள்ள எந்த உயிர் எந்தச் சூழ்நிலையில் என்ன செய்திருக்கும் என்பதை அறியும் மூன்றாம் அறிவு. நிகழாதது பற்றிய கூற்றை உண்மையாக்குவது எது என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். கடவுளருளும் மனித விருப்பும் பற்றி டொமினிக்கத் துறவியருக்கும் ஏசுசபையினருக்கும் மூண்ட விவாதத்தை, 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எத்தரப்புக்கும் தீர்ப்பளிக்காமல் நிறுத்திவைத்தார். திருத்தந்தை தயங்கிய இடத்தில் அட்டவணை தயங்குவதில்லை. மொலினாவின் கடவுள் தனி மனிதரை அறிகிறார். அட்டவணைக்குத் தெரிந்ததோ சராசரி ஓட்டக்காரர் மட்டுமே, அப்படி ஒருவர் எக்களத்திலும் ஓடியதில்லை. உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவரும் சென்ற வாரம் அங்கே வந்திறங்கியவரும் அதன் பார்வையில் ஒருவரே.

உயரமும் காற்றும் ஒருங்கே துணைநின்ற செயலுக்குப் பீமனின் தாண்டலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1968 அக்டோபர் 18 அன்று, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில், அதுவரையிருந்த 8.35 மீட்டர் சாதனையை 55 சென்டிமீட்டர் விஞ்சி அவர் இறங்கியபோது காற்றுமானி காட்டியது சரியாக 2.0. முந்தைய நாள் விக்டர் சனேயெவ் மும்முறைத் தாண்டுதலில் 17.39 மீட்டர் சாதனை படைத்தபோதும் அதே 2.0 பதிவாகியிருந்ததால், கருவியைப் பற்றியே ஐயுற்றவர்கள் உண்டு. உயரத்திற்கு இங்கே கழிவு கிடையாது. ஆகவே அந்த 8.90 மீட்டரில் பீமனின் பங்கைச் சென்டிமீட்டரில் சொல்ல எவராலும் முடியாது. அன்று அதே உயரத்தில் தாண்டிய மற்றெவரும் அந்தத் தொலைவின் அருகில்கூட வரவில்லை என்பது மட்டுமே சொல்லக்கூடியது.

அதே ஆண்டின் திறந்தவெளிப் பருவத் தொடக்கத்தில் அவர் செய்த இன்னொன்று எந்த முடிவுப் பட்டியலிலும் எண்ணாகவில்லை. எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அணியில் இருந்த பீமனும் சக கறுப்பின வீரர்கள் சிலரும், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஏப்ரலில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் போட்டியிட மறுத்தார்கள். அப்பல்கலைக்கழகத்தை நடத்தும் மோர்மன் திருச்சபை அக்காலத்தில் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் வழங்காமலிருந்தது. 1978 ஜூனில்தான் அத்தடை நீங்கியது. மறுத்தவர்கள் அணியிலிருந்து விலக்கப்பட்டு உதவித்தொகையை இழந்தார்கள். பீமன் ஒலிம்பிக்கிற்குக் கல்லூரிப் பயிற்றுநரின்றி, தம் போட்டியாளரான ரால்ஃப் பாஸ்டனின் வழிகாட்டலில் ஆயத்தமாக நேர்ந்தது. ஒரு முரணையும் இங்கே குறித்தாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவதில்லை என்ற அதே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சமயக் கொள்கைக்கு என்.சி.ஏ.ஏ. தன் விதிகளிலேயே இடமளித்து, போட்டி அட்டவணையை அதற்கேற்ப மாற்றியமைக்கிறது. நிறுவனத்தின் மனச்சான்று நாள்காட்டியைத் திருத்த வல்லதாயிருக்க, தனி வீரரின் மனச்சான்று அன்று உதவித்தொகையைப் பறிகொடுக்கவே உதவியது.

அந்த மறுப்பிலும் நற்பேறு கலந்திருந்தது என்று நேகல் சொல்லக்கூடும்: அத்தகைய ஆண்டில், அத்தகைய அணியில், அத்தகைய நண்பர்களோடு பீமன் இருந்ததும் அவர் தேர்ந்ததல்ல. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அங்கே வீசியது எதிர்காற்று. தடகள விதி எதிர்காற்றுக்கு எவருக்கும் எதையும் கூட்டித் தருவதில்லை, அதை அளந்து பட்டியலில் எழுதுவதோடு நின்றுகொள்கிறது. களமிறங்காதவர்களுக்கு அந்த அளவும் எழுதப்படுவதில்லை. தசை பிடித்துக்கொண்டவரும், பேருந்தைத் தவறவிட்டவரும், மனச்சான்றுக்காக விலகி நின்றவரும் இன்றைய முடிவுப் பட்டியல்களில் தொடங்கவில்லை என்ற ஒரே குறியின் கீழ் வருகிறார்கள்; காற்றைப் பத்தில் ஒரு பங்குவரை பிரித்தறியும் பட்டியல் இவர்களைப் பிரித்தறிய முற்படுவதே இல்லை.